கல் கரடியின் விலாவில் அம்பு ஏன்?

கேள்வி: ராமேஸ்வரத்தில் சங்குப் பொருள் கடை நடத்துகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த என் மைத்துனர், சூனி மக்கள் செதுக்கியது என்று உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கரடி ஒன்றைக் கொடுத்தார். அதன் வாயிலிருந்து விலாவரை நீல அம்பு பதித்திருக்கிறது. அதன் பொருள் என்ன? இதற்குப் பூசை செய்ய வேண்டுமா? இதுபோலச் சங்கில் செய்து விற்கலாமா?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: அந்த அம்பு, வாய் வழியே புகுந்து இதயத்தை அடையும் உயிர்மூச்சின் பாதை. நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கில் வாழும் அமெரிக்கப் பூர்வகுடியினரான சூனி மக்களோடு 1879 முதல் தங்கியிருந்த மானிடவியலாளர் பிராங்க் ஹாமில்டன் குஷிங், 1883-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்களுடைய நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். ஆதியில் சூரியனின் இரு புதல்வர்கள் வேட்டையாடும் விலங்குகளை மின்னலால் கல்லாக்கினார்களாம். உடல் கல்லானாலும் உள்ளே இதயம் உயிரோடிருக்கிறதாம். அதனால்தான் இயற்கையிலேயே விலங்குபோல் அமைந்த கல்லுக்கு அவர்களிடம் மதிப்பு மிகுதி. திசைக்கொரு காவல் விலங்கும் உண்டு: வடக்கே மலைச்சிங்கம், கிழக்கே ஓநாய், மேலே கழுகு, கீழே அகழெலி, தெற்கே வளை தோண்டி வாழும் பேட்ஜர் எனும் விலங்கு. உங்கள் கரடி மேற்குக்குரியது; அத்திசையின் நிறம் நீலம்.

கறுப்புக் கல் எடை குறைவாக இருந்தால், மரம் மண்ணுள் அழுந்திக் கரியான ஜெட்டாக இருக்கலாம். முற்காலத்தில் மணற்கல்லில் தேய்த்தே உருவாக்கினார்கள். இப்போது மின்சக்கரத்தில் உருவைக் கடைந்து, சிறு கைக்கருவியால் காதும் காலும் எடுத்து, உப்புத்தாளை நயமாக்கிக்கொண்டே தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அம்புக்குத் தடம் குடைந்து, டர்க்காய்ஸ் எனும் நீலப்பச்சைக் கல்லை அதற்கேற்ப அறுத்து ஒட்டி, உடலோடு சமமாகும்வரை தேய்ப்பார்கள். நகத்தை ஓட்டிப் பாருங்கள். வேலை நன்றாக இருந்தால் எங்கும் தட்டாது.

சிப்பியும் அவர்களுக்குப் புதிதன்று. நம் கடற்சங்கு வங்காளம் சென்று வளையலாவதைப்போல, பசிபிக் கரையின் சிப்பிகள் பழங்காலத்திலேயே வணிகம் வழியாக அந்த வறண்ட மேட்டு நிலத்தை அடைந்தன.

பூசை வேண்டியதில்லை. சடங்குக்குரியவை வேறு, அவற்றை மந்திரித்து, சோளமாவு படைத்துப் பேணுவார்கள். கடைக்கு வருபவை பெரும்பாலும் கலைப்பொருள்களே.

கரடி செய்யத் தடையில்லை. ஆனால் அமெரிக்காவில், பூர்வகுடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இணையத்தில் அங்கே விற்பதாயிருந்தால் இதைக் கவனியுங்கள். என்னைக் கேட்டால், அவர்களுடைய அம்பை அவர்களுக்கே விட்டுவிட்டு, பாக் நீரிணையின் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, சங்கில் செதுக்கிப் பார்க்கலாம்; அதன் உருண்ட முதுகுக்குச் சங்கின் வளைவு தோதாக இருக்கும். அறுக்கும்போது தண்ணீர் விட்டு, முகமூடி அணிந்து அறுங்கள். சங்குத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.