லேபிளில் சிரிக்கும் பெண்

அன்புள்ள ஐயாவுக்கு,

பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். கொழும்பில் வடிவமைப்புப் படித்துவிட்டு இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கூடப் படித்த ஒருவர் மெல்பர்னில் ஒரு சிறிய பியர் ஆலையில் இருக்கிறார். இலங்கைத் தேயிலை சேர்த்து ஒரு கிராஃப்ட் பியர் செய்யப்போகிறார்களாம், லேபிளை நான் வரைய வேண்டுமாம். பியரின் பெயர் 'பிளக் மீ', அதாவது 'என்னைப் பறி'. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், முந்தானை சரிய, கண்ணடித்தபடி நிற்க வேண்டும் என்கிறார்கள். என் அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். நான் தயங்கியதும் நண்பர், "இது வெறும் பகிடி. பியர் உலகத்தில் பெயர்கள் இப்படித்தான் இருக்கும். உங்கள் ஊர்ப் பெண்கள் பியர் குடிப்பதுமில்லை, இந்தப் போத்தலைப் பார்க்கப்போவதுமில்லை" என்றார். நம் பண்பாட்டுக்கு இழுக்கு என்று சொல்லி மறுத்துவிடலாமா? அல்லது நான்தான் பழம்பஞ்சாங்கமா? முன்பணம் வேறு வாங்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் வீட்டுப் பரணில் ஒரு பழைய தேயிலை டின்னைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

பண்பாட்டுக்கு இழுக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தயவுசெய்து கீழே வையுங்கள். அதை எடுத்தால் அதன் பின்னால் யாரெல்லாம் வரிசையில் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இந்த நாட்டில் பெண்ணுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் ஒரு கலால் அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாள்கூடப் பொறுக்கவில்லை, நீக்கியதை மீளப்பெறுமாறு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உத்தரவிட்டுவிட்டார். அன்றைக்கு எல்லோர் வாயிலும் இருந்தது நீங்கள் எழுதிய இதே சொல்தான். பெண் போத்தலைக் கையால் வாங்கினால் பண்பாடு கெடும். அதே போத்தலில் முந்தானை சரிய அவள் நின்றால் அது பகிடி. இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன, மகள். ஒன்றை மறுக்க மற்றதைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

நம் பெண்கள் குடிப்பதில்லை என்பதும் முழு உண்மையில்லை. அதை இங்கே விரிக்க விருப்பமில்லை.

பியர் உலகத்தில் பெயர்கள் இப்படித்தான் என்று உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி, ஆனால் பழைய பாதி. அந்த உலகத்திலேயே அவர்களுக்கு வெட்கம் வந்து சில வருடங்களாகின்றன. அமெரிக்காவில் சிற்றாலைகளின் சங்கம் 2017இல் தன் விளம்பர நெறிகளைத் திருத்தியது. ஆபாசமான, இழிவான பெயருள்ள பியர் போட்டியில் வென்றாலும் அதன் பெயரை மேடையில் வாசிக்க மாட்டோம், பதக்கத்தைக் காட்டி விளம்பரம் செய்யவும் விட மாட்டோம் என்றார்கள். பதக்கம் கிடைக்கும், பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்! நல்ல தண்டனை. 2019இல் பிரித்தானியாவின் பெரிய பியர் விழாவில், பெண்ணை இழிவுசெய்யும் பெயரும் படமும் உள்ள பியர்களுக்கு இடமே இல்லை என்று அதை நடத்தும் கம்ரா என்ற பியர் நுகர்வோர் அமைப்பு அறிவித்தது. 2021இல் மாசசூசெட்ஸில் பிரியென் ஆலன் என்ற பெண், பியர் ஆலையில் வேலை செய்தவர், இந்தத் தொழிலில் பெண் என்பதால் என்னென்ன அவமதிப்புகளைச் சந்தித்தீர்கள் என்று இன்ஸ்டகிராமில் கேட்டார். ஆயிரக்கணக்கில் பதில்கள் வந்து குவிந்தன. லேபிளில் நடப்பது லேபிளோடு நிற்பதில்லை என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

அரசாங்கம் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் அதையும் செய்துபார்த்தார்கள். 'ரேஜிங் பிட்ச்', அதாவது வெறிபிடித்த பெண் நாய் என்ற பியர்ப் பெயரைப் பார்த்து 2009இல் மதுபான ஆணையம் அனுமதி மறுத்தது. ஆலை வழக்குப் போட்டது. 2011இல் ஆணையம் பின்வாங்கியது. அந்தப் பெயருக்குக் கிடைத்த லாபம் உலகம் முழுக்க விளம்பரம். அதிகாரிகள் கையில் இதைக் கொடுத்தால் இப்படித்தான் முடியும்.

வேடிக்கை என்னவென்றால், பியர் முதலில் பெண்களின் கைவேலை. சுமேரியர்களின் பியர்த் தெய்வம் நின்காசி ஒரு பெண். சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் பலகைகளில் அவளைப் புகழ்ந்து பாடிய பாட்டு இருக்கிறது. பாட்டுக்குள்ளேயே பியர் செய்யும் முறையும் இருக்கிறது. காய்ச்சியவளை வெளியே தள்ளிவிட்டு, அவள் உருவத்தை மட்டும் போத்தலுக்கு வெளியே ஒட்டியிருக்கிறார்கள். நமக்கும் பியர் புதிதில்லை. நுவரெலியாக் குளிரில் வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பியர் காய்ச்சினார்கள். அந்த ஆலைதான் பிறகு கொழும்புப் பக்கம் பியகமவுக்கு இறங்கிப்போனது. அவர்கள் லேபிளில் போட்டது சிங்கத்தை. யாரும் அந்தச் சிங்கத்தைக் கண்ணடிக்கச் சொல்லவில்லை.

ஆனால் பியரை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது பியர் இல்லை, கொழுந்துக் கூடை.

நம் பெண்களைச் சிரிக்கவைத்து லேபிளில் ஒட்டும் வேலையை ஆரம்பித்து வைத்தது தேயிலை. தென்னிலங்கைத் தோட்டம் ஒன்று 'வர்ஜின் ஒயிட் டீ' என்று ஒரு தேயிலை விற்கிறது. பழைய சீனாவில் கன்னிப்பெண்கள் கையுறை போட்டுத் தங்கக் கத்தரியால் கொய்தார்களாம், அந்த முறையாம். கொழுந்துக்கு இல்லாத கன்னித்தன்மை பறிக்கிறவளுக்கு ஏன் வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெயரை வைத்தவரும் உங்கள் நண்பரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

சரி, டின்னுக்கு வருகிறேன்.

1980. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டம். எனக்கு 12 வயது. என் அத்தை, அப்பாவின் தங்கை, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் துரையின் ஜீப்பில் கொழும்பிலிருந்து படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். நான் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மேலே நின்று வேடிக்கை பார்த்தேன். அத்தையைப் பிடித்துப்போயிற்று அவர்களுக்கு. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். காலில் அட்டைக்கடியின் இரத்தம், அதனால் செடிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். கையோடு கொண்டுவந்திருந்த சிவப்புச் சேலையைக் கொடுத்தார்கள். கூடை போதவில்லை என்று மூன்று பேருடைய கொழுந்தை அத்தையின் கூடையில் கொட்டினார்கள். வெற்றிலைக் கறை தெரியும், பல்லைக் காட்டாமல் சிரி என்றார் ஒருவர். நீங்கள் முயன்று பாருங்கள், எளிதில்லை. அத்தைக்கு அது வர ஒரு மணி நேரம் ஆனது.

ஜீப் போன பிறகுதான் கூத்து. கூடையில் யாருடைய கொழுந்து எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னால் நாலு பெண்களுக்கும் சண்டை. கடைசியில் அத்தை கையால் அள்ளி அள்ளி எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். மாலையில் நிறுத்தபோது அவளுடைய கொழுந்து குறைவு. கணக்கப்பிள்ளை அரைப்பெயர் போட்டார்.

அரைப்பெயர் என்றால் என்னவென்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். உங்கள் மெல்பர்ன் நண்பருக்கு நீங்களே சொல்லுங்கள். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் என்று பெயர். எடை சேர்ந்தால் முழுப்பெயர், சேராவிட்டால் அரைப்பெயர். அதுவும் அப்போது ஆணுக்கொரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். இரண்டும் சமமாக 1984 வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, அவளை உலகத்துக்கே காட்டப்போகிற படத்துக்காக நின்ற நாளில் என் அத்தைக்குக் கிடைத்தது, குறைந்த கூலியிலும் பாதி.

அதோடு போயிருந்தால் நான் இதை மறந்திருப்பேன். இரண்டு வருடம் கழித்து, கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்ற எங்கள் லயக் குடியிருப்புப் பையன் ஒருவன் தீபாவளிக்கு வரும்போது ஒரு டின் கொண்டுவந்தான். மூடியில் அத்தை. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. பள்ளிக்கூட மாஸ்டர் வாசித்துச் சொன்னார்: கையால் பறித்தது. அன்று மாலைக்குள் செய்தி மதுக்கடையான தவறணைக்குப் போய்விட்டது. "யார் கையால்?" என்று அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அத்தைக்குப் பெயர் விழுந்துவிட்டது: கைப்பறி.

பெரியவர்கள் சொன்னார்கள், சின்னவர்கள் சொன்னார்கள், பாலத்தடியில் உட்கார்ந்து பையன்கள் பாட்டாகவே படித்தார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை, தொடவில்லை. பகிடிதானே! அதன் பிறகு அத்தை விறகுக் கட்டோடு தவறணை வழியாக வருவதை நிறுத்திவிட்டாள். சுற்றுவழி, மேல்மலையைச் சுற்றி. செங்குத்தான ஏற்றம், மழையில் வழுக்கும். கல்யாணமாகித் தலவாக்கலைக்குப் போகும்வரை நாலு வருடம், தலையில் கட்டோடு அந்த வழியாகத்தான் வந்தாள்.

உங்கள் நண்பரைத் திட்டுகிற தகுதி எனக்கு உண்டா என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பையன்கள் நடுவில் நானும் இருந்தேன். ஒருநாள் அத்தை தூரத்தில் வருவது தெரியாமல் நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தேன். அவள் கேட்டாள். நின்றாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி, வந்த வழியே ஏறிப்போனாள். அன்று இரவு எங்கள் காம்பராவுக்கு வந்து, எப்போதும் போல எனக்கு ரொட்டி வைத்துக் கொடுத்தாள். இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அத்தை போய் ஒன்பது வருடமாகிறது.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதைப் பாருங்கள்: அவர்கள் யாரும் பார்க்கப்போவதில்லை. பொகவந்தலாவையில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றுதான் டின்காரர்களும் நினைத்திருப்பார்கள். ஒரு கடைப் பையன் போதும், மகள்.

'பிளக் மீ' என்பதை ஆங்கிலத்தில் எழுதி முன்னெழுத்துகளை மாற்றிப் படித்தால் என்ன வரும் என்பது குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஆபாசம்கூட எனக்குப் பெரிதில்லை. கொழுந்து பறிக்கிறவள் வாயாலேயே 'என்னைப் பறி' என்று சொல்லவைக்கிறார்களே, அங்கேதான் கை வைக்கிறார்கள். பறிப்பது அவளுடைய தொழில். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, நனைந்து, எடை பார்த்து, பெயர் வாங்கும் தொழில். அந்த வினைச்சொல்லில் அவள் எழுவாய். அதைப் பிடுங்கி அவளைச் செயப்படுபொருளாக்கிவிட்டு, பகிடி என்கிறார்கள்.

டின் பரணில் கிடைத்தது. துரு. மூடியில் சேலையும் கூடையும் இருக்கின்றன, முகம் இருந்த இடம் வெறும் தகரம். அத்தை அதில் பொத்தானும் நூலும் போட்டு வைத்திருந்தாள். அடுப்புச் சாம்பல் போட்டு அடிக்கடி துலக்குவாள். அதனால் அழிந்திருக்கலாம்.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஓவியம் ஏற்கெனவே வரையத் தொடங்கியிருந்தால், அதுவரை செய்த வேலைக்கு மட்டும் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அரைப்பெயர் போட விடாதீர்கள். காரணம் கேட்டால் பண்பாடு என்று எழுதாதீர்கள். அம்மா கொழுந்து எடுக்கிறார் என்று எழுதுங்கள். அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.