காற்று போடும் முடிச்சு

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஓவர்லாக் மிஷினுக்கென்று வாங்கிய பாலியெஸ்டர் கோனில், ஏறத்தாழ சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு இறுக்கங்கள் விரலில் தட்டுப்படுகின்றன. கடைக்காரர் அதைக் காற்று முடிச்சு என்கிறார். காற்றால் முடிச்சுப் போட முடியுமா, அல்லது கழிவு நூலை என் தலையில் கட்டிவிட்டார்களா?
– தையற்கூடம் நடத்தும் வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கடைக்காரர் ஏமாற்றவில்லை, முடிச்சு என்ற சொல்தான் சற்றே ஏமாற்றுகிறது. கோனில் 150/48 என்று அச்சிட்டிருந்தால், 150 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) நூலில் 48 மெல்லிழைகள் முறுக்கின்றிச் சேர்ந்து ஓடுகின்றன என்று பொருள். அவற்றை அப்படியே விட்டால் பிரிந்து ஊசிக்காதில் சிக்கும். முறுக்கேற்றுவதோ மெதுவான வேலை. ஆகவே ஆலையில் நூலை ஒரு சிறு பீங்கான் ஜெட்டின் குறுகிய பாதையில் ஓடவிட்டு, பக்கவாட்டுத் துளை வழியாக அழுத்தக் காற்றைப் பாய்ச்சுகிறார்கள்.

அந்தக் காற்று எதிர்ச்சுவரில் மோதி இரண்டாகப் பிரிந்து, ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுழல்கிறது. காற்று நேரே படும் இடத்தில் விரியும் இழைகள் இவ்விரு சுழல்களிலும் அகப்பட்டு, அவ்விடத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நீளக் கூந்தலை மேலே பின்னப் பின்ன, கீழே நுனிப்பக்கம் தானாகவே எதிர்ப்பின்னல் விழுந்து நம் பொறுமையைச் சோதிக்குமல்லவா, அதே கணக்குத்தான். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் விழுவதால், மொத்தத்தில் நூலுக்கு முறுக்கு ஏறுவதில்லை.

பலரும் நினைப்பதுபோல் காற்று விட்டுவிட்டு அடிப்பதில்லை. இறுகிய பகுதி காற்றின் எதிரே வரும்போது விரிய மறுத்து நழுவிப் போகிறது. அடுத்து வரும் தளர்ந்த பகுதி மறுபடி விரிகிறது. அதனால்தான் ஸ்கேல் வைத்து அளந்தால் இடைவெளிகள் ஒன்றுபோல் இரா. நிமிடத்துக்கு 600 மீட்டர் ஓடும் நூலில் மீட்டருக்கு 100 முடிச்சு என்றால், நொடிக்கு 1000 முடிச்சு விழுகிறது! நூல் விறைப்பாக ஓடினால் இழைகள் விரியாமல் முடிச்சுகள் குறைந்துவிடும்.

ஒரு கறுப்புத் தட்டில் தண்ணீர் ஊற்றி, வெள்ளை நூலைத் தளர்வாக மிதக்கவிட்டுப் பாருங்கள். முடிச்சுகள் ஒடுங்கியிருக்க, இடைப்பட்ட இழைகள் இருபுறமும் உப்பி விரியும். அதையே இரு கைகளாலும் பலமாக இழுத்தால், உறுதியற்ற முடிச்சுகள் அவிழ்ந்துபோகும்.

அடுத்த முறை எச்.ஐ.எம். கோன் என்று கேட்டு வாங்குங்கள். முடிச்சு நிறைந்த நூலுக்குச் சந்தையில் அதுவே பெயர். என்.ஐ.எம். என்பது ஏறக்குறைய முடிச்சே இல்லாதது. பின்னர் முறுக்கேற்றிக்கொள்பவர்களுக்கு அது உதவும்.