நமக்கே ஆயிரம் கஷ்டம் இருக்கும்போது அடுத்தவங்க பாரத்தை எப்படிச் சுமக்கிறது?

பைபிள்ல பவுல் எழுதின கலாத்தியர் 6:2ல "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து"ன்னு இருக்கு, ஆனா என் வீட்டுப் பிரச்சினையே தலைக்கு மேல போகுது, இதுல நான் எங்க இன்னொருத்தர் பாரத்தைச் சுமக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. ரொம்ப நியாயமான கேள்விங்க. நான் கிருஷ்ணகிரி, எங்க சபையில கண்ணால பாத்ததை வெச்சே சொல்றேன்.

அந்த வசனத்துல இருந்து மூணே வசனம் தள்ளி, 6:5ல "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே"ன்னும் பவுல் எழுதுறாரு. படிச்சதும் முன்னுக்குப் பின் முரணா தெரியும். நம்ம பக்கம் பழைய ரோட்டோரம் சுமைதாங்கிக் கல்லு பாத்திருப்பீங்க, ரெண்டு கல்லை நட்டு மேல ஒண்ணைப் படுக்க வெச்சிருப்பாங்க, மாசமா இருக்கும்போது இறந்துபோன பொண்ணுங்க நினைவா வெக்கிறது. தலைச்சுமையோட தனியா வர்றவன் சுமையைத் தரையில இறக்கிட்டான்னா திரும்ப ஏத்திவிட ஒரு ஆள் வேணும், அதுக்குத்தான் கல்லை அந்த உயரத்துல வெச்சாங்க. சுமை அவனுதுதான், வீடு வரைக்கும் அவன்தான் கொண்டுபோகணும், ஆனா நடுவழியில கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்குது. பவுல் சொல்ற ரெண்டும் இப்படித்தான் ஒண்ணா நிக்குதுன்னு நான் நம்புறேன். அடுத்தவங்க வாழ்க்கையையே தூக்கி உங்க தலையில ஏத்திக்கச் சொல்லலைங்க.

எங்க சபையில ஒரு அண்ணன், மாங்கா மண்டியில லோடு ஏத்தி இறக்குற வேலை. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு, இப்ப வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் மெஷின்ல மட்டும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். டயாலிசிஸுக்காக கையில ஃபிஸ்டுலா வெச்சிருக்காங்க, அதாவது ஆபரேஷன் பண்ணி ரெண்டு ரத்தக்குழாயை இணைச்சு விட்டிருக்காங்க, தொட்டுப் பாத்தா உள்ள ரத்தம் ஓடுறது விர்ருன்னு விரல்ல தெரியும், அந்தக் கையில பிபி பாக்கக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. மூட்டை தூக்கிச் சம்பாதிச்ச கைங்க அது. அவரு அந்தக் கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதைப் பாத்தாலே மனசு கனத்துப்போகும்.

விஷயம் தெரிஞ்சதும் சபையில எல்லாரும் போனாங்க, பாசமாத்தான் போனாங்க. சாத்துக்குடி, இளநீர், சீசன்ங்கிறதால ஒருத்தர் ஒரு கூடை மாம்பழம். டயாலிசிஸ்ல இருக்கிறவருக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது, இதுல எல்லாம் பொட்டாசியம்ங்கிற உப்பு இருக்கு, அது ரத்தத்துல ஏறினா இதயத்தையே நிறுத்திடும். தண்ணிகூட அளந்துதான் குடிக்கணும், காய்கறியைக்கூட வேகவெச்சு தண்ணிய வடிச்சிட்டுத்தான் கொடுக்கணும். கிருஷ்ணகிரியில பொறந்து மாங்கா மண்டியிலயே வாழ்ந்த மனுஷன் மாம்பழத்தைத் தொடக் கூடாது. வந்தவங்க ஜெபம் பண்ணிட்டு "கர்த்தர் பாத்துக்குவாரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க, அந்தக் கூடையை என்ன பண்றதுன்னு அவரு வீட்டுக்கார அக்காவுக்கு இன்னொரு வேலை. ஜெபத்தை நான் குறைச்சுச் சொல்லலைங்க, நானும் தினமும் ஜெபிக்கிறவன்தான். ஆனா சாப்பாடு இல்லாதவனைப் பாத்து சமாதானத்தோட போ, பசியாறுன்னு வாயால மட்டும் சொன்னா என்ன பிரயோஜனம்னு யாக்கோபு 2வது அதிகாரத்துல முகத்துக்கு நேராவே கேட்டிருக்கு.

நிலைமையை மாத்துனது எங்க சபையில ஒரு டீச்சரம்மா. அவங்க போயி அந்த அக்கா பக்கத்துல உக்காந்து, "உனக்கு எந்த வேலை முடியலைன்னு சொல்லு கண்ணு"ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான். அதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேக்கவே இல்ல. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த அக்காவுக்குப் பணத்தைவிடப் பெரிய பாரம், டயாலிசிஸ் நாள்ல ஸ்கூல் விட்டு வர்ற சின்னப் பையனைப் பாத்துக்க ஆள் இல்லாததுதான். பையன் டீச்சரம்மா வீட்டுக்குப் போனான். ஆட்டோ ஓட்டுற தம்பி ஒருத்தர் வாரத்துல ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்னாரு. ரிட்டயர்டு கிளார்க் ஒருத்தர் விஏஓ ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ்னு அலைஞ்சு வருமானச் சான்று வாங்கி முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுத்துக் கொடுத்தாரு. யாருக்கும் முதுகு ஒடியல.

யாத்திராகமம் 18ல மோசே காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒத்த ஆளா எல்லா வழக்கையும் கேட்டுட்டு இருக்கும்போது, அவரோட மாமனாரு எத்திரோ வந்து நீர் செய்றது நல்லதில்ல, தொய்ஞ்சு போயிடுவீர், ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, பத்து பேருக்குன்னு ஆள் போட்டுப் பிரிச்சுக் கொடும்னு சொல்றாரு. மோசேக்கே முடியாததை நீங்களும் நானும் தனியா செய்யணும்னு தேவன் எதிர்பாக்கல. மாற்கு 2ல திமிர்வாதக்காரனை, அதாவது நடக்க முடியாம படுத்த படுக்கையா கிடந்தவனை, இயேசுகிட்ட தூக்கிட்டு வந்ததும் நாலு பேர்தானே.

இன்னொண்ணும் சொல்லணும், கலாத்தியர் 6:2க்கு முன்னாடி வசனம் குற்றத்துல அகப்பட்டவனைச் சாந்தமா சீர்படுத்துறதைப் பத்தி. அதனால வியாதி மட்டும் பாரம் இல்லைங்க. குடியில விழுந்தவன், குழு லோன் கட்ட முடியாம வீட்டைப் பூட்டிட்டு பெங்களூரு போனவன், இவங்களைப் பத்தி ஆராதனை முடிஞ்சு வாசல்ல நின்னு பேசுறோம் பாருங்க, அதை விட்டாலே அவங்க சுமையில பாதி குறையும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அந்த அக்காவுக்கு இன்னும் கஷ்டம் தீரல, கடனும் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரியில புதுசா டயாலிசிஸுக்கு வர்றவங்க வீட்டுப் பொம்பளைங்க அழுதுட்டு நின்னா இவங்கதான் பக்கத்துல கூப்பிட்டு, எந்தக் காய் ஆகும், எது ஆகாது, தாகத்துக்கு என்ன பண்றதுன்னு சொல்லிக் கொடுக்கிறாங்க. டாக்டர் சொன்னதைவிட இவங்க சொல்றது அந்தப் பொம்பளைங்களுக்குச் சீக்கிரம் புரியுது, ஏன்னா பட்டவங்க சொல்றாங்க. உங்க வீட்டுல என்ன பிரச்சினைன்னு நீங்க எழுதல, எழுதவும் வேணாம், ஆனா உங்க சபையில நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இந்த ஞாயித்துக்கிழமை வாய் திறந்து சொல்லுங்க, "ஜெபம் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லாம எந்த வேலை முடியலைங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க.