மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ‘ஹீலிங்’ மையத்தில் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. அம்மா இறந்து எட்டு மாதங்களாகின்றன. தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. மனநல மருத்துவர் தந்த மாத்திரையை இரண்டு மாதங்களாகச் சாப்பிடுகிறேன், ஓரளவு பரவாயில்லை. தோழி ஒருவர் ‘ஹோலிஸ்டிக் ஹீலிங்’ மையத்துக்கு அழைத்துப் போனார். உடல், மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்துக் குணப்படுத்துவார்களாம். 12 அமர்வுகளுக்கு 36,000 ரூபாய், முழுவதும் முன்பணம். மூன்றாவது அமர்வுக்குப் பிறகு மாத்திரையை விட்டுவிட வேண்டுமாம். சேரலாமா? - வாசகி, கோவை.

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். பணத்தையும் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டவே சில வாரங்கள் பிடிக்கும். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடரச் சொல்வதுதான் வழக்கம். பிறகு மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். சட்டென்று விட்டால் தலைசுற்றும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். சிலருக்குத் தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போல வெட்டி வெட்டி இழுக்கும். கண்ணி இங்கேதான் இருக்கிறது. இந்த அவதியோடு மையத்துக்குப் போனால், ‘உடம்பில் தேங்கிய நஞ்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி’ என்பார்கள். மாத்திரையை விட்டதால் வந்த கோளாறே சிகிச்சையின் வெற்றியாகிவிடும். அவதி முற்றினால் அடுத்த ‘லெவல்’, அதற்குத் தனிக் கட்டணம். இப்படி ஏமாந்து, மனச்சோர்வு இரட்டிப்பாகத் திரும்பிய பிறகு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

முழுமையான அணுகுமுறை என்பதே பொய் என்று சொல்லவில்லை. நோயை உடல், மனம், சமூகச் சூழல் மூன்றோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஏங்கல் 1977-லேயே எழுதினார். உருப்படியான உளவியலாளரிடம் போனால் முதல் நாள் உடம்பின் ‘ஆற்றல் சக்கரங்கள்’ என்று படம் எதையும் விரித்துக் காட்ட மாட்டார். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், மாலையில் எத்தனை காபி, வீட்டில் யாரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறது, கடன் தொல்லை உண்டா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பார். தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை செய்தாயிற்றா என்றும் விசாரிப்பார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் பிடிப்பின்மையும் வரும். அடுத்த வாரத்துக்குச் சின்ன வேலை ஒன்று தருவார். காலையில் இருபது நிமிட நடை, அல்லது விட்டுப்போன தையலை மறுபடி எடுப்பது. மனம் சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யச் செய்ய மனம் தேறும் என்பதே இதன் அடிப்படை. பூட்டியே கிடக்கும் அம்மாவின் பீரோவைப் பற்றியும், ‘இன்னும் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே’ என்ற உறுத்தலைப் பற்றியும் பேச வைப்பார். யோகாவும் மூச்சுப் பயிற்சியும் செய்யுங்கள், மாத்திரையோடு சேர்த்து. ஆளுமை வளர்ச்சி வகுப்பெல்லாம் தூக்கம் திரும்பிய பிறகு யோசிக்கலாம்.

யாரிடம் போவது? மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்கிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள்; கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். எண்ணைக் கேட்டதும் முகம் கடுகடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவு எண் இல்லாதவர் எல்லாரும் போலி அல்ல. உளவியலில் எம்.எஸ்ஸி., சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து நேர்மையாகக் கவுன்சலிங் செய்கிறவர்கள் பலர் அந்தப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கான பதிவேடு அதுவல்ல. துக்கத்தைப் பேசித் தீர்க்க அவர்களிடம் தாராளமாகப் போகலாம். அவர்கள் தங்களை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. உங்கள் மாத்திரையில் கை வைக்கக் கூடாது. தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் எண் இல்லையே என்று அவர்களை ஒதுக்க வேண்டியதில்லை. மூன்று நாள் ஆன்லைன் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பவர் இந்தக் கணக்கில் வர மாட்டார்.

இந்த மையங்கள் பெருகுவதில் அரசுக்கும் பங்குண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இலவசமாகவே பார்க்கிறார்கள். ஆனால் வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்தால் மருத்துவர் உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்க எங்கே நேரம்? உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பாலிசியை எடுத்துப் படித்தால் பெரும்பாலும் ‘உள்நோயாளியாகச் சேர்ந்தால்’ என்றுதான் இருக்கும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிற சிகிச்சைக்குச் சொந்தப் பணம்தான். காது கொடுத்துக் கேட்க ஆளில்லாத இடத்தில்தான் பேக்கேஜ் விற்கிறார்கள்.

உங்கள் மருத்துவரிடமே, ‘மாத்திரையோடு கவுன்சலிங்கும் வேண்டும், யாரிடம் போகலாம்?’ என்று கேளுங்கள். அதுவரை 14416-ஐ அழையுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் வீட்டில் ஒருவரிடம் சொல்லி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தோழியிடம் ஒன்று விசாரியுங்கள்: ஆள் சேர்த்துவிட்டால் அவருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டா? மையத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். ‘நன்கொடை’ என்று எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். என்ன சேவைக்கான கட்டணம் என்று எழுதச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய அந்த ரசீது வேண்டியிருக்கும்.