கேமரா இருக்கட்டும், தம்பி

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையை யூடியூபில் லைவ் போடுகிறோம். வெளியூரில் இருப்பவர்கள் வருகிறார்கள், ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். படம் சரியில்லை என்று 60,000 ரூபாய்க்குக் கேமரா வாங்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. எது வாங்கலாம்? பிரசங்கத்தை வெட்டி ரீல்ஸ் போடலாமா?

வாலிபர் ஐக்கியச் செயலாளர், நாகர்கோவில் அருகே

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வீடியோவில் படத்துக்கு ஒரு குறையும் இல்லை. குருவானவர்தான் கிணற்றுக்குள்ளிருந்து பிரசங்கிக்கிறார். கடைசி பெஞ்சில் நிற்கும் போன், சுவரில் பட்டுத் திரும்பும் ஸ்பீக்கர் சத்தத்தையும் ஃபேன் இரைச்சலையும் சேர்த்து அள்ளுகிறது. லட்ச ரூபாய்க் கேமராவை அங்கே வைத்தாலும் இதே எதிரொலிதான். இலங்கையின் புத்தளத்திலிருந்து மத்திய அலை ரேடியோவில் வந்த கிறிஸ்தவ நிகழ்ச்சிகளை நம் ஊர்க்காரர்கள் படமே இல்லாமல் கேட்டவர்கள். பேச்சு புரிந்தது, உட்கார்ந்து கேட்டார்கள்.

லைவுக்குச் சத்தத்தைப் போனிலிருந்து எடுக்காமல், மைக்குகள் எல்லாம் சேரும் மிக்சரிலிருந்தே லேப்டாப்புக்கு எடு. அதில் ஆக்ஸ் அவுட் (மெயினுக்குத் தனியாக இன்னொரு கலவையை வெளியே அனுப்பும் ஓட்டை) இருக்கிறதா பார். ஹால் ஸ்பீக்கருக்குப் போகும் மெயின் அவுட்டில் கை வைக்காதே. ஆலயத்துக்குள் தபேலா நேராகவே காதில் விழுவதால் மிக்சரில் அதைக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். மெயினை எடுத்தால் லைவில் தபேலாவே இருக்காது. ஆக்ஸை ‘ப்ரீ’யில் போட்டு (ஹால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் அதைத் தொடாது), ஒவ்வொரு சேனலையும் லைவுக்கென்று தனியாக அளந்து வை. சபையார் பாடுவது கேட்க, அவர்களைப் பார்த்து ஒரு மைக். அதன் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு ஆக்ஸில் மட்டும் ஏற்று, இல்லாவிட்டால் ஹாலில் ஊளையிடும்.

ஆக்ஸிலிருந்து வரும் வயரை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருகாதே. மிக்சரிலிருந்து வரும் பலமான ‘லைன்’ அளவு சத்தத்தை அது தாங்காது, கரகரவென்று உடையும். இன்னொரு வினையும் உண்டு. பாலன்ஸ்டு அவுட்டிலிருந்து, அதாவது ஒரே சத்தத்தை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் அனுப்பும் ஓட்டையிலிருந்து, ஸ்டீரியோ பின்னுக்கு வயர் போட்டால் இடதில் நேராகவும் வலதில் தலைகீழாகவும் போகும். ஹெட்போனில் கேட்கும், ஒற்றை ஸ்பீக்கர் போனில் இரண்டும் கூடி ஒன்றையொன்று அழித்துவிடும், குரலே காணாமல் போகும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு “நல்லாத்தானே இருக்கு” என்று சாதிக்கிற பையன்களோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. மிக்சர் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் 2 சேனல் யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று வாங்கி, அதன் ஒரு லைன் இன்புட்டில் ஆக்ஸைக் கொடு. லைவ் அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் மோனோவை டிக் செய், இல்லையென்றால் ஒரு காதில் மட்டும் வரும். அதன் மீட்டரில் பேச்சின் உச்சம் −12க்கும் −6 டெசிபெலுக்கும் நடுவில் நிற்கட்டும். 0-வைத் தொட்டு உடைந்த குரலை யாராலும் ஒட்டவைக்க முடியாது. ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்; நின்றுவிட்டால் எர்த் கோளாறு, நடுவில் அந்த இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஐசொலேட்டர் போட வேண்டும்.

படத்துக்கு 720பி, 2,500 முதல் 3,000 கேபிபிஎஸ் போதும். அப்லோட் வேகம் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். வைஃபை வேண்டாம், லேன் வயர். ரீல்ஸ் பற்றியெல்லாம் குரல் தெளிந்தபிறகு கேள்.

ஆனால் ப்ரீ ஆக்ஸில் ஒரு ஆபத்து: ஃபேடரை இறக்கினாலும் லைவில் குரல் போய்க்கொண்டே இருக்கும். ஏற்கெனவே உங்கள் வீடியோவில் ஜெப விண்ணப்பம் வாசிக்கும்போது ஒரு அம்மாவின் பேர், நோய், ஆஸ்பத்திரி வார்டு வரை வந்திருக்கிறது. யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? அவர் சபையிடம் சொன்னார், ஊர் உலகத்திடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஓபிஎஸ்ஸில் எல்லா ஆடியோவையும் மியூட் செய்து ‘ஜெப நேரம்’ என்று ஒரு ஸ்லைடை வை. பழைய வீடியோவில் அந்தப் பகுதியை யூடியூப் ஸ்டுடியோ எடிட்டரில் இன்றைக்கே வெட்டு. வெட்டியது ஏற நேரம் பிடிக்கும். அதுவரை வீடியோவைப் பிரைவேட்டில் போட்டு வை.