ஸ்ட்ரெஸ் காட்டும் வாட்ச்: ஹவுஸ் சர்ஜன் மகளுக்கு வாங்கலாமா?

கேள்வி: என் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். டூட்டி முடிந்து வந்தால் சாப்பிடாமல்கூடப் படுத்துவிடுகிறாள். என்ன ஏது என்று கேட்டால் எரிந்து விழுகிறாள். ஸ்ட்ரெஸ், பர்ன்அவுட் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும் என்று கடையில் ஒரு ஸ்மார்ட் மோதிரம் காட்டினார்கள், விலை 25,000 ரூபாய். 1,800 ரூபாய் வாட்ச் ஒன்றிலும் ஸ்ட்ரெஸ் தெரியுமாம். எதை வாங்கலாம்?
(தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: இந்த வாரம் இரண்டையும் வாங்க வேண்டாம், அம்மா. முதலில் அது எதை அளக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அது தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்தம் ஏறி இறங்குவதைக் கண்டு நாடித்துடிப்பை எண்ணுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எப்போதும் ஒரே அளவாக இருக்காது. உடம்பு நிதானமாக இருக்கும்போது அந்த இடைவெளி பல மில்லிவினாடிகள் கூடிக்குறையும். பதற்றத்தில் இருந்தால் கடிகார முள் மாதிரி ஒரே சீராக ஓடும். இந்தக் கூடுதல் குறைவை வைத்து ஒரு கணக்குப் போட்டு, 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகக் காட்டி, அதற்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கார்மின் போன்ற வாட்ச் நிறுவனங்கள் செய்வது இதைத்தான். 2020-இல் வந்த ஃபிட்பிட் சென்ஸ் வாட்சில் கூடுதலாகத் தோலின் வியர்வையைப் பார்க்கும் சென்சாரும் இருந்தது.

ஆக, அது காட்டுவது உடம்பின் பரபரப்பு. மனசுக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு டம்ளர் காபி குடித்தாலும், காய்ச்சல் வந்தாலும், மாடிப்படி ஏறினாலும் எண் எகிறும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு இயல்பாகவே நாடித்துடிப்பு கொஞ்சம் கூடும். நானும் ஒரு வருஷம் கட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் நண்டுக்குப் பேரம் பேசி ரொம்ப சந்தோஷமாக நின்றிருந்தபோது ‘அதிக மன அழுத்தம், மூச்சை இழுத்து விடவும்’ என்று அதிர்ந்தது. சித்தப்பா இறந்த வீட்டில் பேச்சற்று உட்கார்ந்திருந்த ராத்திரி ‘நிதானமாக இருக்கிறீர்கள்’ என்று பச்சை காட்டியது. அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டேன்.

பர்ன்அவுட் இன்னும் சிக்கலானது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் தீராத அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் சொன்னது. மூன்று அடையாளங்களும் கொடுத்தது: ஆள் ஓய்ந்துபோவது, வேலையின் மீது வெறுப்பும் விலகலும் வருவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று தோன்றுவது. முதலாவதன் நிழல் வேண்டுமானால் வாட்சில் விழலாம். மற்ற இரண்டும் விழாது. நோயாளியைப் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்த பெண் ‘அந்தப் பன்னிரண்டாம் பெட்’ என்று சலித்துக்கொள்ள ஆரம்பித்தால் எந்த மோதிரமும் எச்சரிக்காது. வீட்டில் சோறு போடுகிறவருக்குத்தான் அது காதில் விழும்.

இதை ஆராய்கிறவர்களுக்கே இது தெரியும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாகப் புது டாக்டர்களின் கையில் ஃபிட்பிட் கட்டி ஆராய்கிறார்கள். அவர்களும் வாட்சை மட்டும் நம்பிவிடவில்லை. இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது, 1 முதல் 10-க்குள் சொல்லுங்கள் என்று ஃபோனில் தினமும் கேட்கிறார்கள்.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். ஆபரேஷன் தியேட்டருக்குக் கை கழுவிப் போகும்போது வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். பிரசவ வார்டிலும் அப்படித்தான். உங்கள் மகள் ரொம்பவும் ஓடித் திரிகிற நேரம் கருவி கோட் பாக்கெட்டில் கிடக்கும். நைட் டூட்டி முடித்துப் பகலில் தூங்கினால் சில கருவிகள் அதைச் சரியான தூக்கமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அசையாமல் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தூக்கக் கணக்கில் சேர்ப்பதும் உண்டு.

மகளே ஆசைப்பட்டுக் கேட்டால் சரி, வாங்குங்கள். ஆனால் ஸ்ட்ரெஸ் எண்ணுக்காக வாங்காதீர்கள். மொத்தத் தூக்க நேரம், ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு, இந்த இரண்டும் ஓரளவு நம்பத்தக்கவை. அதிலும் ஒருநாள் கணக்கைப் பார்த்துப் பயப்படக் கூடாது. இரண்டு மூன்று வாரம் போட்டு அவளுடைய வழக்கமான அளவு எது என்று தெரிந்த பிறகு, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. தோழியின் எண்ணோடு ஒப்பிடுவது வீண்.

1,800 ரூபாய் வாட்ச் இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் காட்டும் என்று சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். சாம்சங் வாட்சே இரத்த அழுத்தம் காட்ட, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கையில் பட்டை சுற்றும் கருவியோடு சரிபார்க்கச் சொல்கிறது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. விலை உயர்ந்த கருவி என்றால் சந்தா உண்டா என்று கேளுங்கள். வூப் என்கிற கைப்பட்டை மாதிரி சிலவற்றுக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் மேல்படிப்பு படிக்கும் பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், வாரம் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் மகளின் டூட்டி அட்டவணையை வாங்கிக் கூட்டி, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பைசா செலவில்லாத ஸ்ட்ரெஸ் மீட்டர் அது. எரிந்து விழுவது தணியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416-க்கு அவளையே பேசச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். ‘வாழவே பிடிக்கவில்லை’ என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: பர்மா பஜாரில் வாங்கிய வாட்ச் பத்தே நாளில் சார்ஜ் ஏறவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று துண்டுச் சீட்டில் எழுதியிருக்கிறது. பணம் போனதுதானா?
(ராயபுரம் வாசகர்)

பதில்: போகவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகம். காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள். முறையான பில் தராததும் அதே குற்றச்சாட்டில் வரும். அந்தத் துண்டுச் சீட்டைத் தொலைக்காதீர்கள். ஜிபேயில் கட்டியிருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. இத்தனையும் இருந்தாலும், வெளிநாட்டுப் பெட்டியில் வரும் வாட்சுக்குப் பெரும்பாலும் இந்திய வாரண்டி இருக்காது என்பதை அடுத்த தடவை நினைவில் வையுங்கள்.

கேள்வி: நான் மூன்றாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். ஓர் ஆய்வுக்காக எங்கள் துறையில் எல்லோருக்கும் இலவசமாக வாட்ச் கொடுத்து ஆறு மாதம் கட்டச் சொல்கிறார்கள். மறுத்தால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ?
(பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: மறுக்கலாம், பாதியில் விலகவும் செய்யலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆசிரியரின் பிடியில் இருக்கும் மாணவர்களைத் தனிக் கவனத்துக்கு உரியவர்களாகவும் அவை கருதுகின்றன. நன்றாக நடக்கிற ஆய்வு என்றால் சேருங்கள், தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்குமுன் மூன்றைக் கேளுங்கள்: நெறிமுறைக் குழு அனுமதி எண் என்ன, நீங்கள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பதை உங்கள் பெயரோடு யார் பார்ப்பார்கள், ஆய்வு முடிந்ததும் அந்தத் தகவல் எங்கே போகும். துறைத் தலைவரோ ஹாஸ்டல் வார்டனோ பார்ப்பார் என்று பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட்டால் ஒப்புதல் படிவத்தின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.