இறந்த எழுத்தாளரின் புத்தகத்தை எப்போது மறுபதிப்பு செய்யலாம்?

கேள்வி: ஏற்காட்டில் வாழ்ந்து 1965 மார்ச்சில் மறைந்த ஒருவரின் நாவலை நாங்களே அச்சிடலாமா?

அச்சிடலாம், ஆனால் 2026 ஜனவரி 1 முதல்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு. இறந்த தேதியிலிருந்து எண்ணக்கூடாது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். மார்ச்சில் இறந்தாலும் டிசம்பரில் இறந்தாலும் கணக்கு ஒன்றுதான். முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது, 1992இல் 60 ஆனது.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பழைய நாவலை ஒருமுறை புரட்டினேன். தாள் பழுத்து ஓரம் உதிர்ந்தது. கதையின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது, ஆனால் முன்னுரை எழுதியவர் இறந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை! அந்த நாலு பக்கத்துக்கு அவர் வாரிசுகளிடம் அனுமதி வேண்டும். அட்டை ஓவியத்துக்கும் அப்படித்தான். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவரின் ஆயுளையும் பார்க்கணும். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டே கணக்கு.

இறந்த எழுத்தாளரின் பெட்டியில் அச்சேறாத கையெழுத்துப் பிரதி கிடைத்தால் பொறுங்கள்: அதற்கு முதலில் வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு.

தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய, அதாவது யாரும் அச்சிடலாம் என்று பொதுவாக்கிய, நூல்களுக்கு இந்தக் காத்திருப்பே இல்லை. அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.